உறுமும் மரப்புலி: திப்பு சுல்தான் சரிதையில் ஓர் ஏடு

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மாலை, செம்பவாங்கிலுள்ள நம் கடைக்குப் பெரியவர் ஒருவர் தம் பேரனுடன் வந்தார். பெரியவர் அரிசிக்கும் பருப்புக்கும் சொல்லிக்கொண்டிருக்க, பையன் பொம்மைகள் தொங்கும் பக்கம் போய்விட்டான். சாவி கொடுத்தால் தலையை ஆட்டி நடக்கும் புலி ஒன்று அங்கே இருந்தது. அதைக் கல்லாமேசைமீது நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட புலியை முதன்முதலில் யார் செய்தார்கள் என்று நம்மைக் கேட்டான். ஜப்பான்காரர்களாக இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தோம். பெரியவர் சிரித்தார். அவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் பல காலம் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட புலி ஒன்று லண்டன் காட்சிசாலையில் இருப்பதாகவும், அது திப்பு சுல்தானுடைய புலி என்றும், கைப்பிடியைச் சுழற்றினால் உறுமும் என்றும், லண்டனுக்குப் போயிருந்தபோது தம் கண்ணாலேயே அதைப் பார்த்ததாகவும் அவர் சொன்னார்.

நமக்கு வெட்கமாகப் போயிற்று. ஊரில் மதரஸாவில் ஓதிய காலத்திலும், ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்திலும் திப்பு சுல்தான் என்றால் வாள்தான். மீலாது மேடைகளிலும் அந்த வாளையே சுழற்றுவார்கள். அவர் கையில் திருகாணியும் பல்சக்கரமும் துருத்தியும் இருந்த கதையை நமக்கு எவரும் சொல்லவில்லை. அன்று முதல் இரவுக் கடை அடைத்தபின் தேடிப் படித்தோம். படித்ததை நம் சங்கத்துச் சகோதரர்களுக்காக எழுதுகிறோம்.

ரோபோ என்னும் சொல்லுக்கு நூற்றுச் சொச்சம் வயதுதான் ஆகிறது. செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920-ஆம் ஆண்டு எழுதிய நாடகம் ஒன்றில் அது பிறந்தது. கட்டாய ஊழியம் என்று பொருள்படும் அவர் மொழிச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் தானே இயங்கும் பொறிகள் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. பக்தாதில் பனூ மூஸா எனப்படும் மூன்று சகோதரர்கள் 850-ஆம் ஆண்டு வாக்கில் தானாகவே ஊதும் குழல் முதலிய நூதனப் பொறிகளைப் பற்றி ஒரு கிதாபு எழுதினார்கள். தியார்பக்கிர் அரண்மனையில் பொறியாளராக இருந்த அல்ஜஸரீ 1206-ல் முடித்த கிதாபில் யானைக் கடிகாரமும், படகில் அமர்ந்து கொட்டு முழக்கும் மரப் பாவைகளும் படத்துடன் விளக்கப்பட்டிருக்கின்றன. அவ்வழியில் வந்த ஒரு பொருள் நம் தென்னாட்டில், மைசூர்ச் சீமையில் இருந்தது என்பதே இங்குச் சொல்ல வந்த விஷயம்.

திப்பு 1750-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தை ஹைதர் அலி, தாயார் பாத்திமா பக்ருந்நிஸா. பிள்ளைக்கு வைத்த பெயர் தமிழ்நாட்டிலிருந்து போனது என்பதை நம்மில் பலர் அறியமாட்டார்கள். ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் வலியுல்லாஹ் அவர்களின் நினைவாகவே அப்பெயர் இடப்பட்டது.

ஹைதர் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் பொறியின் அருமை அறிந்தவர். 1755-ல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தபோது, பிரெஞ்சுக்காரரின் உதவி பெற்றுப் பீரங்கிப் பட்டறை ஒன்றை அங்கே ஏற்படுத்தினார். மைசூர்ப் படையின் ஆயுதச் சாலைகளுக்கு ஒரு வகையில் நம் திண்டுக்கல்தான் பால பாடம். மகனுக்கோ குர்ஆன், பாரசீகம், உர்து, கன்னடம், குதிரையேற்றம், குறிபார்த்துச் சுடுதல் ஆகிய எல்லாம் கற்பிக்கப்பட்டன. தாம் பெறாத கல்வியைப் பிள்ளை பெறவேண்டும் என்ற ஆசை தகப்பனாருக்கு. கடை வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஆசை புரியும்.

பதினேழாம் வயதில் குதிரைப் படையுடன் மதராஸ் நகரின் எல்லைவரை வந்து கும்பினியாரைக் கலங்கச் செய்தார். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. உதவிக்கு வந்திருக்க வேண்டிய ஸர் ஹெக்டர் மன்றோ வராமற்போய், தம் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு மதராஸுக்குப் பின்வாங்கினார். இந்த மன்றோ என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் வரும்.

பொள்ளிலூரில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதற்கு மைசூர் ராக்கெட்டுகளே காரணம் என்பர். வாணவேடிக்கைச் சரக்கு எங்கும் உண்டு. ஐரோப்பாவில் அப்போது ராக்கெட்டின் கூட்டைக் கனத்த காகித அட்டையால் செய்துவந்தார்கள். மைசூர்க்காரர் இரும்புக் குழாயில் மருந்தை இறுக்கி அடைத்தனர். இரும்பு அழுத்தம் தாங்கும், அழுத்தம் கூடினால் வேகம் கூடும், தொலைவும் கூடும். மூங்கில் கழியையோ வாளையோ அதனுடன் கட்டிவிட்டால் நேராகப் பாயும். அவை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வரை சென்றனவாம். விஷயம் இவ்வளவுதான், ஆனால் இதை யோசித்துச் செய்ய ஒரு கொல்லன் வேண்டும், அவனுக்குக் கூலி கொடுத்துக் காரியத்தை நம்ப ஓர் அரசன் வேண்டும்.

1782-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹைதர் அலி ராஜபிளவை கண்டு சித்தூருக்கு அருகில் பாசறையிலேயே வஃபாத்தானார். மலையாளக் கரையில் போரிட்டுக்கொண்டிருந்த திப்பு விரைந்து வந்து அரசுப் பொறுப்பை ஏற்றார். 1784-ல் மங்களூர் உடன்படிக்கை ஆயிற்று.

இதன் பின் கிடைத்த ஆறேழு ஆண்டுகளே அவருடைய வாழ்வில் நம் மனத்தைக் கவரும் பகுதி. துருக்கி சுல்தானிடம் 1786-ல் ஒரு பெரும் தூது அனுப்பினார். போனவர்களில் பெரும்பாலோர் நோயில் மாண்டு திரும்பி வராமலே போனார்கள். 1787-ல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மற்றொரு தூது பிரான்ஸுக்குப் போயிற்று. 1788 ஆகஸ்டில் வெர்ஸேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னர் அதனை வரவேற்றார். படைத் துணை கேட்டது உண்மை. அதனோடு அவர் கேட்டவற்றைக் கவனிக்கவேண்டும்: துப்பாக்கி செய்பவர், கடிகாரம் செய்பவர், கண்ணாடி ஊதுபவர், பீங்கான் செய்பவர், செடி விதைகள். படைத் துணை கிடைக்கவில்லை. தொழிலாளர் சிலர் மட்டும் வந்தனர். அடுத்த ஆண்டே அந்த லூயி மன்னரின் நாட்டில் புரட்சி வெடித்தது.

சரக்கை வாங்கி விற்பவனுக்கும் சரக்கு செய்யும் கையையே வரவழைப்பவனுக்கும் வித்தியாசம் உண்டு. நாம் முதல் வகை. ஜப்பானிலும் சீனாவிலும் செய்ததை வாங்கி விற்கிறோம். அவர் கடிகாரத்தைக் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், கடிகாரம் செய்பவரையே கேட்டார். ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், பிதனூர் ஆகிய ஊர்களில் பட்டறைகள் நடந்தன. வங்காளத்திலிருந்து பட்டுப்பூச்சி வரவழைத்து மைசூரில் பட்டுத் தொழிலை வளர்த்தார். இன்று தேக்கா கடைகளில் மைசூர்ப் பட்டு வாங்கும் பெண்மக்கள் இதை அறிவார்களோ தெரியாது.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிப் போவது நியாயமல்ல. குடகிலும் மலையாளக் கரையிலும் மங்களூர்க் கிறிஸ்தவர்களிடத்தும் அவருடைய படை நடந்துகொண்ட விதத்தை அந்நாட்டார் இன்றும் மறக்கவில்லை. ஊர் ஊராகச் சிறைபிடிக்கப்பட்டவர்கள் உண்டு. அதே சுல்தான், 1791-ல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டபோது, மடத்தைச் சீர்செய்யப் பொருள் அனுப்பியவரும் ஆவார். அவர் எழுதிய கடிதங்கள் மடத்திலேயே கிடைத்தன. ஒன்றை வைத்து மற்றதை மறைப்போர் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மனிதர் தெரிவார் என்பது நம் அபிப்பிராயம்.

1790-ல் மீண்டும் போர் மூண்டது. கும்பினியாரும் மராட்டியரும் நிஜாமும் ஒன்றுசேர்ந்தார்கள். 1792 மார்ச்சில் கையெழுத்தான உடன்படிக்கையால் பாதி ராஜ்யம் போயிற்று. திண்டுக்கல், சேலம், கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் கும்பினியார் வசமாயின. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம். அது கட்டித் தீரும்வரை, பத்து வயதை ஒட்டிய இரு மகன்களைப் பிணையாகக் கொடுக்க நேர்ந்தது. பிள்ளைகள் மதராஸில் வைக்கப்பட்டு 1794-ல்தான் தந்தையிடம் திரும்பினார்கள்.

பிள்ளைகள் பிணையாக இருந்த அந்த நாட்களில் ஒரு செய்தி நாடெங்கும் பரவியது. 1792 டிசம்பர் 22-ஆம் நாள் வங்காளத்துச் சாகர் தீவில் வேட்டைக்குப் போன வெள்ளைக்கார வாலிபர் ஒருவரைப் புலி கவ்விக்கொண்டு போயிற்று, அவர் பிழைக்கவில்லை. அந்த வாலிபர், முன்னே சொன்ன ஸர் ஹெக்டர் மன்றோவின் மகன். மரப்புலி அந்தச் சம்பவத்தைக் காட்டவே செய்யப்பட்டது என்று பலரும் கருதுகிறார்கள். புலி திப்புவின் முத்திரை. சிங்காதனத்தில் புலித்தலை, பீரங்கி வாயில் புலிமுகம், சிப்பாய்களின் சட்டையில் புலிவரி. இழந்த ராஜ்யத்தை நினைத்து மனம் குமுறிய ஒரு தகப்பன் அந்தப் பொறியின் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்கலாம். அதில் பழிவாங்கும் ஆசை இருந்தது. அதை இல்லையென்று சொல்லி அவரைப் பெருமைப்படுத்த நாம் விரும்பவில்லை. இறந்தவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை.

இனி அந்தப் பொறியைப் பார்ப்போம். நீளம் 172 சென்டிமீட்டர். உயரம் 71 சென்டிமீட்டர். சிவப்புச் சட்டையும் கறுப்புத் தொப்பியும் அணிந்த வெள்ளைக்காரன் மல்லாந்து கிடக்கிறான். அவன்மீது புலி ஏறி நின்று கழுத்தைக் கவ்வுகிறது. இரண்டும் மரத்தில் செதுக்கி வர்ணம் தீட்டியவை, உள்ளே கூடு. புலியின் பக்கத்தில் ஒரு கைப்பிடி. நம் பெரியவர் பிஸ்கட் அட்டையைக் கிழித்து, பென்சிலால் படம் போட்டு விளக்கியபோதுதான் உள்விவகாரம் நமக்குப் புரிந்தது. கைப்பிடி ஒன்று, அது செய்யும் வேலையோ மூன்று. மனிதனின் உடலுக்குள் உள்ள துருத்தி காற்றை ஊத, அது தொண்டையிலுள்ள குழலின் வழியாக வாய்க்கு வந்து ஓலமாகிறது. அதே வேளையில் அவனுடைய இடது கை மேலும் கீழும் அசைகிறது. அந்தக் கை அசைவு வெறும் வேடிக்கைக்கல்ல. கை ஏறி இறங்கும்போது ஓலத்தின் சுருதியும் மாறுகிறது. புலியின் தலைக்குள் தனியாக ஓர் ஏற்பாடு. இரண்டு சுரம் தரும் ஒரே குழலில் காற்றை அடித்து உறுமலை உண்டாக்குகிறது.

இது போதாதென்று புலியின் விலாவில் ஒரு கதவு. திறந்தால் தந்தத்தாலான பதினெட்டுக் கட்டைகள் வரிசையாக இருக்கும். உள்ளே குழல்கள் நிற்கின்றன. நம் கல்யாண வீடுகளில் பைத்து பாடும்போது வாசிக்கும் ஆர்மோனியப் பெட்டிக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற மற்றொருவர் வாசிக்கலாம்.

இதைச் செய்தவர் யார்? பிரெஞ்சுத் தொழிலாளரின் கை இதில் இருக்கவேண்டும் என்று ஒரு சாரார் சொல்கின்றனர். குழலும் கட்டையும் மேல்நாட்டுப் பழக்கம், ஆகவே அப்படியும் இருக்கலாம். புலியைச் செதுக்கி வரி தீட்டிய கை நம் தென்னாட்டுத் தச்சனுடையது என்பதில் ஐயமில்லை. எந்தப் பெயரும் அந்த மரத்தில் இல்லை. கொன்ற புலியின் எஜமானர் பெயரும், செத்த வாலிபரின் தகப்பனார் பெயரும் சரித்திரத்தில் இருக்கின்றன. பல்சக்கரம் அறுத்தவன் பெயர் இல்லை. பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, தாமும் எத்தனையோ கப்பல்களுக்குத் தண்டு பொருத்தியதாகவும், எந்தக் கப்பலிலும் தம் பெயர் கிடையாது என்றும் சொல்லிச் சிரித்தார்.

1799-ல் முடிவு வந்தது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சுல்தான்பேட்டைத் தோப்பில் இரவுத் தாக்குதலுக்கு வந்த ஆர்தர் வெல்லெஸ்லியின் படை, இருட்டிலும் ராக்கெட் வீச்சிலும் தடுமாறிப் பின்வாங்கியது. பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற வெல்லிங்டன் பிரபு இவரே. ஆயினும் ஒரு மாதத்தில் கோட்டைச் சுவர் பிளந்தது. மே 4-ஆம் நாள் நடுப்பகலில் உணவின் முன்னிருந்த சுல்தான், தாக்குதல் தொடங்கிய செய்தி கேட்டு எழுந்து போனார். சரணடையும்படி உடனிருந்தோர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. நீர்வாசல் அருகே குண்டு பட்டு ஷஹீதானார். அன்றிரவு பந்த வெளிச்சத்தில் பிணக்குவியலுக்குள் தேடி அவருடைய உடலைக் கண்டெடுத்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கும்பஸில் தாய் தந்தையரின் பக்கத்தில் அடக்கம் நடந்தது.

அரண்மனை கொள்ளை போயிற்று. பொற்சிங்காதனத்தை உடைத்துப் பங்கு போட்டார்கள். அதன் புலித்தலை இங்கிலாந்தின் வின்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. கிதாபுகள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போயின. இசை மண்டபத்தில் நின்ற மரப்புலியும் கப்பலேறியது. 1808 முதல் லண்டன் லெடன்ஹால் வீதியிலிருந்த கும்பினித் தலைமையகத்தில் அதை மக்கள் பார்க்க வைத்தார்கள். அந்தத் தலைமையகத்தில்தான் நம் சிங்கப்பூரை நிறுவிய ராபிள்ஸ் 1795-ல், பதினான்கு வயதுப் பையனாகக் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார். 1805-ல் அவர் பினாங்குக்குப் புறப்பட்டுவிட்டார்; புலி வைக்கப்பட்டது மூன்று ஆண்டு கழித்து. அங்கே வருவோர் போவோரெல்லாம் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி உறும வைத்ததால், பக்கத்தில் உட்கார்ந்து படிப்போருக்குப் பெரும் தொல்லையாயிற்றாம். பின்னர் அது இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் குண்டு வீசியபோது கூரை இடிந்து அதன்மேல் விழ, புலி நூற்றுக்கணக்கான துண்டுகளாகிவிட்டது. 1947-ஆம் ஆண்டுக்குள் ஒட்டிச் சேர்த்தார்கள். குழல்களிலும் துருத்திகளிலும் பழுது பார்த்தவர்கள் பலவற்றை மாற்றிவிட்டபடியால், இன்று அது உறுமினாலும் சுல்தான் கேட்ட குரல் அதுவே என்று சொல்ல இயலாது.

ராக்கெட்டுகளின் கதை வேறு. சீமைக்குக் கொண்டுபோன மாதிரிகளைப் பார்த்து, வில்லியம் காங்கிரீவ் என்பவர் உல்விச் ஆயுதச் சாலையில் அவற்றைத் திருத்திச் செய்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகர் அவற்றால் எரிந்தது. நம்மிடமிருந்து போன சரக்கு அவர்கள் முத்திரையுடன் உலகெங்கும் விலை போயிற்று என்று கடைக்காரர் பாஷையில் சொல்லலாம். 1963-ல் பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற நம் ராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம் அவர்கள், வாலப்ஸ் தீவிலுள்ள ராக்கெட் நிலையத்தின் வரவேற்புக் கூடத்தில் ஒரு சித்திரம் மாட்டியிருப்பதைக் கண்டார். அதில் ராக்கெட் ஏவும் சிப்பாய்கள் கறுத்த நிறத்தவராக இருப்பதைப் பார்த்து நெருங்கிப் போனபோது, அது திப்புவின் படை என்று தெரிந்தது. 2018-ல் கர்நாடகத்து நகரா என்னும் ஊரில், தூர்ந்துபோன கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் குவியலாகக் கிடைத்தன. அந்த ஊர்தான் முன்னே சொன்ன பிதனூர்.

சுல்தானின் மக்களையும் குடும்பத்தாரையும் வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, கோட்டையின்மீது புலிக்கொடியை ஏற்றினார்கள். ஒரு பகலுக்குள் எல்லாம் அடக்கப்பட்டது. அதன்பின் மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். தகப்பனார் வரவழைத்த தொழிலாளரும் நடத்திய பட்டறைகளும் அதற்குள் சிதறிப்போயிருந்தன.

அன்று நம் கடையில் பையன் கேட்ட பொம்மையைப் பெரியவர் வாங்கிக் கொடுத்து அழைத்துப்போனார். அடுத்த வாரம் அவர் மட்டும் வந்தார். பேரன் புலியின் வயிற்றைத் திறந்து சக்கரங்களையெல்லாம் வெளியே பரப்பிவிட்டானாம். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி குறைகிறது, அந்த அளவில் இருக்கிறதா என்று கேட்டார். மேசை இழுப்பறையில் தேடி எடுத்துக் கொடுத்தோம்.